அது கெராங் ஓடு அல்ல

எங்கள் பக்கத்தில் கல் கிடையாது. கோல சிலாங்கூரில் ஆற்றுமுகத்தில் நிற்கும் அந்த ஒரு குன்றை விட்டுவிட்டால், சுங்கை பெசார் வரை எங்கே மண்வெட்டியைப் போட்டாலும் சேறுதான் வரும். இன்னும் ஆழமாகத் தோண்டினால் இன்னும் கறுப்பான சேறு வரும். கல் வேண்டுமென்றால் அது லோரி ஏறித்தான் வரவேண்டும். மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துச் செம்பனைக் காட்டுச் சாலைகள் கரைந்து போகும்போதெல்லாம், மலைப்பக்கத்துக் கல்லுடைப்புகளிலிருந்து லோரிகள் வந்து ஓரமாகக் கொட்டிவிட்டுப் போகும். எந்த மலை, எந்த ஊர் என்று யாரும் கேட்டுவைத்ததில்லை. கல் கேட்டோம், கல் வந்தது, அவ்வளவுதான்.

அப்படிக் கொட்டிக் கிடந்த குவியலில்தான் எனக்கு அந்தக் கல் கிடைத்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்த அதே தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. மூன்று வருஷமாகத் தற்காலிகம். ஒருநாள் காலை தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்திலிருந்து பள்ளிக்கு நடந்துபோகையில் செருப்பு வார் பிய்ந்துகொண்டது. சனியனே என்று திட்டிக்கொண்டு குனிந்தேன். எதிரே குவியலின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு, ஓரத்தில் ஒரு வெட்டோடு, ஒரு சாம்பல் நிறக் கல். அதன் முகத்தில் பாதி புதைந்து பாதி தெரிந்தபடி ஒரு சிப்பி. ஒட்டிக்கொண்டிருந்த சிப்பி அல்ல, கல்லாகவே இருந்த சிப்பி. விரலால் தடவினால் மயிரிழை போன்ற கோடுகள் தட்டுப்பட்டன. நான் அன்று பள்ளிக்குக் கால்மணி நேரம் தாமதமாகப் போனேன்.

எங்கள் தலைமையாசிரியர் டவுன்காரர். காரில் வருவார், மணி அடித்ததும் காரில் போய்விடுவார். பெரிய சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இடைவேளையில் கல்லை அவர் மேஜையில் வைத்து, இது லட்சக்கணக்கான வருஷத்துக்கு முந்தின உயிராக இருக்கும் சார் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

“டீச்சர், இது கெராங் ஓடு. கொந்திராக்டர் சிமெண்டுல மாட்டிக்கிட்டு வந்திருக்கு. நாளைக்கு எறா ஓடு கெடச்சா அதையும் தூக்கிட்டு வருவீங்களா?”

மற்ற ஆசிரியர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் தேநீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார்.

கெராங் என்றால் எங்கள் கடலோரச் சேற்றில் அள்ளும் சிறு சிப்பி. சுங்கை செம்பிலாங் பக்கம் போனால் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எங்கள் வீட்டில் வாரம் ஒருதரம் மிளகாய்ச் சம்பல் போட்டு வதக்குவோம். பல் முளைத்த நாளிலிருந்து தின்கிறேன், எனக்கா கெராங்கைத் தெரியாது? அன்று சாயங்காலமே மீன்காரரிடம் ஒரு கிலோ வாங்கி, வேகவைத்து, ஓடுகளை வரிசையாக வைத்து உட்கார்ந்தேன். கெராங் ஓட்டில் கோடுகள் தடித்திருக்கும். மேலிருந்து கீழே நேராக இறங்கும். கல்லில் இருந்தது அப்படி இல்லை. ஒவ்வொரு கோடும் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தது மறுபடி பிரிந்தது. விளிம்புக்கு வரும்போது எண்ணி மாளவில்லை. ஒரு கெராங்கில்கூட அப்படி ஒரு பிரிவு இல்லை. அத்தனை ஓட்டையும் பார்த்துவிட்டேன்.

மறுநாள் ஓடுகளையும் கல்லையும் எடுத்துக்கொண்டு போய், பிரியும் கோட்டை மட்டும் பாருங்கள் சார் என்று நின்றேன். அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “தோட்டத்துல வளந்தவங்களுக்கு எதப் பாத்தாலும் அதிசயமாத்தான் இருக்கும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

“பெரிய பெரிய ஆளுங்ககிட்ட காட்டி எழுத்துல வாங்கிட்டு வரேன் சார். அப்புறம் பேசுங்க.”

“தாராளமா வாங்கிட்டு வாங்க. வந்துச்சுன்னா நானே கண்ணாடிப் பெட்டி செஞ்சு, கீழ உங்க பேரையும் எழுதி, ஆபீஸ் வாசல்ல வைக்கிறேன். வரலைன்னா கெராங்னு ஒத்துக்கணும், சரியா?”

சரி என்றேன். மூன்று பேர் சாட்சி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை.

கோலாலம்பூரில் ஆண்டுதோறும் ஒரு பெரிய கண்காட்சி நடக்கும். ரத்தினக் கற்கள், தாதுக்கள், கல்லாகிப்போன உயிர்கள் எல்லாம் ஒரே கூடத்தில். அந்த வருஷத்து அறிவிப்பு தமிழ்ப் பத்திரிகையில் ஒரு மூலையில் வந்திருந்தது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி வரை, பொதுமக்கள் கொண்டுவரும் கற்களை நிபுணர்கள் பார்த்து இன்னது என்று அட்டையில் எழுதித் தருவார்கள் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. அதை வெட்டி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த அட்டைதான் எனக்கு வேண்டும். ஓர் அட்டை, அதில் ஒரு வரி, அடியில் ஒரு கையெழுத்து.

தனியாகப் போக அப்பா விடவில்லை. வயசுப் பெண் ஒற்றையாகக் கோலாலம்பூர் போவதா என்றார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் செம்பனைக் குலை வெட்டும் வேலை இருந்தது. அதனால் அம்மா வருவதாக முடிவாயிற்று. அம்மா அதே தோட்டத்தில் களை எடுக்கும் வேலை செய்தாள். கோலாலம்பூருக்கு அதுவரை இரண்டே தடவை போயிருந்தாள், இரண்டும் தைப்பூசத்துக்கு.

அந்த ஒரு வாரம் நான் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இந்தச் சேலை வேண்டாம், அந்த ரவிக்கை வேண்டாம், தலையில் எண்ணெய் வழியக் கூடாது, வெற்றிலை கூடவே கூடாது, அங்கே போய் யாரிடமும் சத்தமாகப் பேசக் கூடாது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பின்வாசலில் குந்தி, வழக்கம்போல வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய செருப்பை எடுத்துப் பார்த்தேன். அடியில் காய்ந்த சேறு.

“அங்க வர்றவங்க எல்லாம் படிச்சவங்க, பணக்காரங்க. நம்மளப் பாத்தவுடனே தோட்டத்து ஆளுன்னு தெரியக் கூடாதும்மா. ஒரு பொட்டு மண்ணு ஒட்டியிருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“சரிடி ஆத்தா, சரி. ஏன் இப்படிக் குதிக்கிற” என்று அவள் விளக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். பளபளவென்று இருந்தது.

சனிக்கிழமை இரவு கல் எங்கே என்று கேட்டேன். “பத்திரமா கட்டி பிஸ்கட் டின்ல வச்சிருக்கேன். அங்க போய்த்தான் அவுக்கணும். சும்மா சும்மா எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்காத, கண்ணு பட்டுரும்” என்றாள். டின்னைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் துணியில் மூன்று முடிச்சுப் போட்டு, கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோவதுபோலக் கட்டிவைத்திருந்தாள். அவளுடைய முடிச்சை அவிழ்க்கப் பல்தான் வேண்டும். நல்லதாகப் போயிற்று, உடையாமல் இருக்கும் என்று நினைத்து மூடிவிட்டேன். இன்றைக்கும் அந்த மூடியை நினைத்தால் என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. அம்மா சாமிக்குச் சூடம் காட்டாமல் வரமாட்டேன் என்றுவிட்டாள். இரண்டாவது பஸ் ஈஜோக் தாண்டியதும் புகை விட்டு நின்றது. டிரைவர் இறங்கி, முன்பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சிகரெட் பிடித்தார். எவ்வளவு நேரமாகும் என்று நான் கேட்டதற்கு, “இஞ்சினைத்தான் கேக்கணும்லா” என்றார். அவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது. அம்மாவோ ரோட்டோரத்துச் செடியைக் காட்டி, இந்தக் களைக்கு நம்ம தோட்டத்தில் மருந்து அடித்தாலும் சாவதில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் கதை பேசிக்கொண்டிருந்தாள். சத்தமாகத்தான்.

கூடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரையைத் தாண்டிவிட்டது. டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, உள்ளே நுழைய ஒரு வரிசை. உள்ளே போனால், அப்பப்பா, அப்படி ஒரு கூட்டம். குளிர்ச்சாதனம் ஆளை நடுக்கியது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் விளக்குப் போட்டு, தாய்லாந்துச் சிவப்புக் கற்கள், பர்மாப் பச்சை, இலங்கை நீலம் என்று பரப்பிவைத்திருந்தார்கள். கோட்டுப் போட்ட ஆட்கள் ஒற்றைக் கண்ணில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு கற்களை விளக்கு வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். ஆளுயரத்துக்கு ஒரு பாறையை இரண்டாகப் பிளந்து நிறுத்தியிருந்தார்கள். வெளியே கரடுமுரடு, உள்ளே முழுக்க ஊதாப் படிகம்.

“யம்மா, கத்திரிக்கா கலர்ல இருக்கு பாரு பாப்பா! உள்ள இவ்வளவு வச்சிக்கிட்டு வெளிய எப்படி மூஞ்சிய வச்சிருக்கு!” என்று அம்மா கையைத் தட்டினாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூசிப்போனது.

நிபுணர்கள் மேஜை எங்கே என்று ஒரு பணியாளரைக் கேட்டேன். மாடி என்றார். மாடியில் காசுக்கு மோதிரம் செய்துதரும் கடைகள்தான் இருந்தன. அங்கே கேட்டால் கீழே, பின்பக்கம் என்றார்கள். கீழே வந்தால் அம்மாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், அவள் இலங்கைத் தமிழர் ஒருவர் வைத்திருந்த கடைமுன் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியில் சுருண்ட நத்தை போன்ற ஒரு பெரிய கல். இதன் சாதிதான் ஊரில் கும்பிடுகிற சாளக்கிராமம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், அம்மா அந்தப் பளிங்குத் தரையில் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

“செருப்பப் போடும்மா. மணி பன்னெண்டு நாப்பது. மானத்த வாங்காத.”

“சாமி இருக்கற எடத்துல...”

“இங்க சாமியும் இல்ல, பூதமும் இல்ல. வா.”

அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காததுபோல வந்துவிட்டேன்.

மேஜை பின்பக்க மூலையில் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். நேர் முன்னால் நின்ற ஒரு சீமான், மோதிரப் பெட்டியில் ஒன்பது கல் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதை யார் கொடுத்தார், எந்த ஊரில் கொடுத்தார் என்று கதை சொன்னார். ஐந்தாவது கல்லில் நான் சத்தமாகத் தொண்டையைச் செருமினேன். அவர் திரும்பிப் புன்னகைத்துவிட்டு ஆறாவதை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தபோதுதான் எங்கள் முறை வந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நடுத்தர வயது மலாய்க்காரர். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தார். கழுத்தில் நூலில் கட்டிய பூதக்கண்ணாடி. சோர்ந்துபோயிருந்தார், ஆனால் முகம் கடுகடுப்பாக இல்லை. முன்னால் வெள்ளை அட்டைகள் ஒரு சிறு கட்டாக இருந்தன. நான் அந்த அட்டைகளையே பார்த்தேன். சாலைக்குக் கொட்டிய கல்லில் கிடைத்தது, கல்லாகிப்போன சிப்பி, கெராங் அல்ல, கோடுகள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன என்று மலாயில் மடமடவென்று ஒப்பித்தேன். பேருந்தில் நூறு தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். கோடுகள் பிரிகின்றன என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

அம்மா முடிச்சுகளை அவளே அவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. துணியை விரித்தாள்.

கல் பளபளவென்று மின்னியது. சாம்பல் நிறம் போய் வெளுத்திருந்தது. தேங்காயெண்ணெய் வாடை வந்தது. அதன் முகத்தில் சிப்பி இருந்த இடத்தில் சோப்புக் கட்டி தேய்ந்ததுபோல ஒரு மேடு. கோடு ஒன்றுகூட இல்லை. நான் வேறு கல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓரத்தில் இருந்த வெட்டைப் பார்த்த பிறகுதான் அதே கல் என்று தெரிந்தது.

அவர் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். விளிம்பில் விரலை ஓட்டினார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு மெதுவாக, “சியாப்பா ச்சூச்சி?” என்றார். யார் கழுவியது என்று கேட்கிறார்.

“சாயா!” என்று அம்மா கையைத் தூக்கினாள். நான்தான் என்று, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை தூக்குவதுபோலத் தூக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. “சாயா ச்சூச்சி, எஞ்சே! பெர்சே!” சுத்தமாக இருக்கிறதா பாருங்கள் ஐயா என்றாள்.

எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்று கேட்டார். ஆசாம் என்றாள் அம்மா. புளி. அவர் போதாதென்று நினைத்துவிட்டாரோ என்னவோ என்று தன் சந்தை மலாயில் விவரமாக வேறு சொன்னாள். வியாழன் இரவு கெட்டியாகக் கரைத்து ஊறப்போட்டாளாம். சின்னச் சின்னக் குமிழியாக நுரை வந்ததாம், அழுக்குப் போகிறது என்று சந்தோஷமாக இருந்ததாம். வெள்ளிக்கிழமை புதுப் புளி மாற்றினாளாம். சனிக்கிழமை சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாளாம். கடைசியில் மினுக்கத்துக்கு எண்ணெய்.

அவர் கண்களை மூடித் திறந்தார். அம்மாவைப் பார்த்து, நன்றாகத்தான் கழுவியிருக்கிறீர்கள் மாக்சிக் என்று ஒரு சித்தியைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி விளக்கினார். இது சுண்ணாம்புக்கல். புளி சுண்ணாம்பைத் தின்னும். குமிழி வந்தது அழுக்கல்ல, கல்லேதான் கரைந்துபோனது. கோடுகள்தான் இதற்கு அடையாள அட்டை. நீங்கள் சொல்வதுபோலப் பிரிந்திருந்தால் மிகப் பழையது, நான் ஒரு பார்வையில் சொல்லியிருப்பேன். இப்போது எதுவும் எழுத முடியாது. படம் பிடித்தீர்களா?

எங்கள் லயத்தில் யாரிடம் கேமரா இருந்தது?

வரைந்து வைத்தீர்களா என்றார். கரும்பலகையில் வரைந்தேன் என்றேன். மறுநாள் பெருக்கல் வாய்ப்பாடு எழுத அழித்துவிட்டேன். அதையும் சொன்னேன். எந்தக் கல்லுடைப்பிலிருந்து வந்தது, அதையாவது கேட்டுச் சொன்னால் நாங்கள் போய்ப் பார்க்கலாம் என்றார். லோரியில் வந்தது என்றேன். எந்த லோரி என்றார். ஒருவர் பின்னால் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் வெள்ளை அட்டைகளை ரப்பர் போட்டுக் கட்டி, கல்லை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“என்னா சொல்றாரு? எழுதித் தரலையா?” என்று அம்மா கேட்டாள்.

“எழுதுறதுக்கு நீ என்னத்த மிச்சம் வச்ச? அழிச்சிட்டியே! மொத்தத்தையும் அழிச்சிட்டியே! உன்ன யாரு தொடச் சொன்னா? மூளை இருக்கா உனக்கு?” என்று நான் அந்தக் கூடத்தின் நடுவில் கத்தினேன். சத்தமாகப் பேசக் கூடாது என்று அவளுக்கு ஒரு வாரம் பாடம் நடத்தியவள் நான்தான். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா மஞ்சள் துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும் பஸ் ஒழுங்காக ஓடியது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போகும்போது ஓடித் தொலைந்திருக்கக் கூடாதா? சுங்கை பூலோ வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். காலையில் கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றை அம்மா நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவளும் சாப்பிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நீதானே சொன்ன, ஒரு பொட்டு மண்ணு ஒட்டியிருக்கக் கூடாதுன்னு. தோட்டத்துதுன்னு தெரியக் கூடாதுன்னு.”

“அட கடவுளே, அத நான் கல்லுக்கா சொன்னேன்? உனக்குத்தானே...”

வாயிலிருந்து வந்தது வந்ததுதான். அம்மா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள். அதையும் அவள் தேய்த்துக் கழுவித்தான் போட்டு வந்திருந்தாள், வார் வெளுத்திருந்தது.

திங்கட்கிழமை நான் வகுப்பறைக்குள் நேராகப் போய்விடலாம் என்று பார்த்தேன். பெரிய சார் விடுவாரா? ஆசிரியர் அறை வாசலிலேயே நின்றிருந்தார். “என்ன டீச்சர், கண்ணாடிப் பெட்டிக்கு அளவு எடுக்கச் சொல்லவா?” என்றார். மற்ற மூவரும் தயாராக உள்ளே இருந்தார்கள்.

நான் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். கண்காட்சிக்குப் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். மேஜையை மூடிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். நானே கழுவிவிட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், யாருக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் தோற்றுப்போனது என் தப்பால் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற வெறி எனக்கு.

“எங்கம்மா புளி போட்டுக் கழுவிட்டாங்க சார். குத்துவிளக்குக்குப் போடற மாதிரி. கோடெல்லாம் கரைஞ்சு போச்சு.”

பெரிய சார் கதவுநிலையில் தட்டிச் சிரித்தார். “புளியா! அப்படியே கொஞ்சம் கெராங்கையும் போட்டிருந்தா குழம்பாவது ஆகியிருக்கும்லா! தோட்டத்துக்காரங்க புத்தி, வேற என்ன சொல்றது?” என்றார். அறையே அதிர்ந்தது. அன்றைக்கும் ஒருவருக்குத் தேநீர் மூக்கில் ஏறியது.

நானும் சிரித்தேன். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாத இடம். அழுகையை மறைக்கச் சிரித்தேன் என்றெல்லாம் நல்லபிள்ளையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர்களோடு சேர்ந்து, அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் கையைத் தூக்கியதையும் சாயா சாயா என்றதையும் நடித்துக்கூடக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். மணி அடித்தது, இரண்டாம் வகுப்புக்குப் போய்க் கணக்கு எடுத்தேன். இடைவேளையில் சாலையோரக் குவியலுக்கு ஓடிப்போய், இன்னொரு சிப்பி கிடைக்குமா என்று கை தோல் உரியப் புரட்டிப் பார்த்தேன். பாதிக் கல்லைச் சாலையில் போட்டு உருளை ஏற்றி நசுக்கிவிட்டிருந்தார்கள். மீதிக் குவியலில் வெறும் கல்தான் இருந்தது.

மதியம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலை முடிந்து வந்திருந்தாள். காட்டுச்சட்டையைக்கூட மாற்றாமல் பின்வாசலில் குந்தியிருந்தாள். நேற்று நான் மூலையில் விட்டெறிந்த கல் அவள் முன்னால், ஒரு பழைய தட்டில் இருந்தது. அதன்மேல் முழுக்கக் கறுப்புச் சேறு. விரலால் வழித்து வழித்து, இடுக்கெல்லாம் விடாமல் பூசியிருந்தாள். அவள் முழங்கைவரை சேறாக இருந்தது.

“என்னம்மா பண்ற?”

“அந்தக் கல்லு கெடந்த எடத்துக்கே போய் எடுத்தாந்தேன். அதே ரோட்டோரத்து மண்ணுதான், வேற மண்ணு கலக்கல. முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே பூசி வச்சிருக்கேன், நல்லாக் காயட்டும். அந்த மலாய்க்காரரு நல்ல மனுசன். அடுத்த வருசம் கொண்டு போய்க் காட்டு பாப்பா, எழுதிக் குடுப்பாரு.”

அவள் தட்டை வெயில் படும் இடத்துக்கு நகர்த்திவைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“நான் வரல. நீ மட்டும் போய்ட்டு வா.”

இல்லம்மா, நீயும் வா என்ற சொல் தொண்டைவரை வந்தது. காலையில் நான் சிரித்த சிரிப்பு அங்கேயே அதற்கு முன்னால் நின்றுகொண்டு வழி விடவில்லை. கைகழுவும் தொட்டிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன். திரும்பி வந்து, “பசிக்குது, சோறு போடு” என்றுதான் சொன்னேன்.